லண்டன் வரும் வன்னிப் பிள்ளைகளுக்கு: பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு வாரண்டி எடுக்கலாமா?

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, கச்சான் சரையைப் பிரிக்கும்போது மருமகனின் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. 2003ஆம் ஆண்டு போர்ஷே பொக்ஸ்டர், வெள்ளி நிறம். "மாமா, ஒரு வருஷ வாரண்டி 700 பவுணாம். இண்டைக்கே எடுத்தா குறைப்பினமாம். எடுக்கட்டோ?"

கிளிநொச்சியிலிருந்து லண்டன் போய் அவனுக்கு ஏழு மாதம். அவனுக்குச் சொன்னதை, புதிதாக வரும் மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். இலங்கை லைசென்ஸோடு பிரித்தானியாவில் 12 மாதம்தான் ஓடலாம். அதற்குள் அங்கத்தைய டெஸ்ட் பாஸ் பண்ண வேண்டும். இன்சூரன்ஸ் எவ்வளவு வரும் என்பதையும் காருக்கு விலை பேசுவதற்கு முன்பே கேளுங்கள்.

சரி, வாரண்டிக்கு வருவோம். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களோடு வளர்ந்தவர்கள் நாங்கள். அப்பா ஒரு மூடி பெட்ரோலைக் கார்பரேட்டருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, இஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். பழுதானால் கராச் அண்ணா வேப்பமரத்துக்குக் கீழே சாக்கை விரித்துக் கழற்றிப் பூட்டித் தருவார். லண்டனில் மெக்கானிக்கின் கூலி மணிக்கணக்கில் ஏறும். அந்தப் பயத்தில்தான் பிள்ளைகள் உடனே கையெழுத்துப் போடுகிறார்கள். பயம் நியாயமானது, அவசரம்தான் கூடாது.

டீலரிடம் வாங்கினால் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் ஏற்கெனவே உங்கள் பக்கம் நிற்கிறது. வாங்கும்போதே பழுது இருந்திருந்தால் 30 நாளுக்குள் காரைத் திருப்பிக் கொடுத்துக் காசு கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் பழுது வாங்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். அப்போது பழுது இருக்கவில்லை என்றால், அதை டீலர்தான் நிரூபிக்க வேண்டும். இதற்கு நீங்கள் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. தனியாள் ஒருவரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை.

மருமகனிடம் வாரண்டியின் முழு விதிகளையும் அனுப்பச் சொன்னேன். போனில் பெருப்பித்துப் பெருப்பித்து வாசித்தேன். ஒரு பழுதுக்கு ஆகக் கூடியது 1,000 பவுண்தான் தருவார்கள். தேய்மானத்தால் வரும் பழுது சேராது. வாங்குவதற்கு முன்பே இருந்த குறை சேராது. ஒரு சேர்விஸைத் தவறவிட்டாலும் வாரண்டி செல்லாது.

இதை அந்தக் காரோடு பொருத்திப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்துப் பொக்ஸ்டர் இஞ்சினுக்குள் ஐ.எம்.எஸ். பேரிங் என்று, சுழலும் தண்டு ஒன்றைத் தாங்கும் ஒரு சின்னப் பாகம் இருக்கிறது. எல்லாக் காரிலும் அது போவதில்லை. ஆனால் போனால் இஞ்சினையே கொண்டு போகும், அதற்கு 1,000 பவுண் எந்த மூலைக்கு? கிளட்ச் மாற்றக் கியர்பொக்ஸை இறக்கும்போதே அந்தப் பேரிங்கையும் மாற்றிவிடுவது அனுபவமுள்ள மெக்கானிக்குகளின் வழக்கம். மாஸ்டா எம்.எக்ஸ்-5 என்றால் கவலை வேறு. கதவுக்குக் கீழ்ப்பகுதி துருப்பிடிக்கும், துருவுக்கு இந்த வாரண்டிகள் பொதுவாகக் காசு தராது. காரின் இலக்கத்தைப் போட்டால் அரசாங்க இணையத்தளத்தில் எம்.ஓ.டி. எனப்படும் வருடாந்தத் தகுதிச் சோதனையின் வரலாறு இலவசமாக வரும். துரு பற்றி எழுதியிருக்கிறதா என்று ஒவ்வொரு வருடமாகப் பாருங்கள்.

என் எண்ணம் இதுதான். அந்த 700 பவுணில் ஒரு பங்கைக் கொடுத்து, அந்த வகைக் காரையே திருத்தும் மெக்கானிக்கிடம் வாங்குவதற்கு முன் காட்டுங்கள். மிச்சத்தைப் பழுதுக்கென்று தனியாகப் போட்டு வையுங்கள். வயது குறைந்த கார் என்றால், தயாரித்த கம்பனியே தன் கராச்சில் சோதித்துத் தரும் வாரண்டியை யோசிக்கலாம். விலை கூடும், ஆனால் அதை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எந்த வாரண்டி எடுத்தாலும் அதில் பேரிங், கியர்பொக்ஸ் எல்லாம் பெயர் சொல்லி எழுதியிருக்க வேண்டும், கூலியும் அதற்குள் அடங்க வேண்டும். வாரண்டி காப்புறுதியாக விற்கப்பட்டிருந்தால், எடுத்த பிறகும் 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம்.

மருமகனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறேன்: கிளட்ச் மாற்றிய பில் இருக்கிறதா, அதில் பேரிங்கும் எழுதியிருக்கிறதா? டீலர் தேடிப் பார்த்துச் சொல்வாராம். அந்தப் பில்லைக் கண்ணால் காணும்வரை முற்பணம் கொடுக்காதே என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.