ஹாங்சோவில் ஏரியும் கோயிலும் தோட்டமும் பார்க்கச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீனாவின் ஜேஜியாங் மாகாணத் தலைநகரான ஹாங்சோவுக்கு ஷாங்காயிலிருந்து அதிவேக ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம் என்பதால், காலையில் வந்து மாலையில் திரும்பும் திட்டத்தோடு இறங்குபவர்கள் ஏராளம். பிற தவறுகள் பெரும்பாலும் இந்த அவசரத்திலிருந்தே தொடங்குகின்றன. 2011இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மேற்கு ஏரியைக் கிழக்கே நகரமும் மற்ற மூன்று திசைகளிலும் குன்றுகளும் சூழ்ந்துள்ளன; கோயில்களும் கோபுரங்களும் தோட்டங்களும் தேயிலைச் சரிவுகளும் அந்தக் குன்றுகளுக்கு இடையே பரவிக் கிடக்கின்றன. ஒரே நாளில் எல்லாவற்றையும் தொட்டுவிட முயல்பவர், பெரும்பாலும் பேருந்து வரிசைகளைத்தான் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்.

மெட்ரோ நிலையங்கள் நகரத்தை ஒட்டிய கிழக்குக் கரைப் பக்கமே இருப்பதால், கூட்டம் முழுவதும் அங்கேதான் இறங்கி நேராக ‘உடைந்த பாலம்’ என்ற பெயருள்ள பாலத்தை நோக்கி நடக்கிறது. அக்டோபர் 1 தேசிய நாள் விடுமுறையிலும் மே 1 விடுமுறையிலும் அந்தப் பாலத்தின் மீது மனிதத் தலைகளைத் தவிர வேறொன்றும் தெரியாது. அந்த வாரங்களைத் தவிர்ப்பது முதல் வேலை. அதற்கு வழியில்லாதவர்கள், பொழுது விடியும்போதே சு அணைக்கரையின் தென்முனையிலிருந்து நடக்கத் தொடங்குவது நல்லது. கவிஞரான சு தோங்போ இந்நகரின் ஆட்சியாளராக இருந்தபோது, 1090ஆம் ஆண்டை ஒட்டி, ஏரியில் தூர்வாரிய சேற்றைக் கொண்டே எழுப்பிய இந்தக் கரை ஏறக்குறைய 2.8 கிலோமீட்டர் நீளமும் ஆறு பாலங்களும் கொண்டது. தெற்கு சோங் வம்சக் காலத்திலிருந்து (12–13ஆம் நூற்றாண்டு) போற்றப்படும் ஏரியின் பத்துக் காட்சிகளில் பல, பருவத்தோடும் பொழுதோடும் பிணைந்தவை: இந்தக் கரைக்கு வசந்தகால விடியல், தாமரைத் தோட்டத்துக்குக் கோடை, உடைந்த பாலத்துக்குப் பனி உருகும் குளிர்காலம், லெய்ஃபெங் கோபுரத்துக்கு அந்திப்பொழுது. நண்பகல் வெயிலில் இவை அனைத்தையும் தேடி அலைந்துவிட்டு, சொன்ன அளவுக்கு ஒன்றுமில்லை என்று குறைகூறுவது நியாயமாகாது.

லெய்ஃபெங் கோபுரத்தைப் பற்றிய ஏமாற்றமும் முன்கூட்டியே அறியாமல் போவதால் வருவதுதான். 975இல் கட்டிய கோபுரம் 1924இல் இடிந்து விழுந்தது. இன்று நிற்பது 2002இல் எழுப்பியது, நகரும் படிக்கட்டும் உண்டு. ஆயினும் பழைய செங்கல் அடித்தளத்தை அதனுள்ளேயே கண்ணாடிக்குப் பின்னால் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். நேராக மேல்தளத்துக்கு ஏறிவிடுபவர்கள் அதைக் கவனிப்பதேயில்லை. பழமையான கட்டுமானத்தையே காண விரும்புபவர்கள் சியாந்தாங் ஆற்றங்கரையிலுள்ள லியுஹே கோபுரத்துக்குச் செல்லலாம். வெளியிலிருந்து பதின்மூன்று அடுக்குகளாகத் தோன்றும் அதன் உள்ளே இருப்பவை ஏழு தளங்களே.

படகில் ஏறுமுன் ஒன்றைக் கேட்டுத் தெளிவு பெற வேண்டும். துடுப்புப் படகுகளுக்கு மணிக்கணக்கில் கட்டணம். அவை ஏரியில் சுற்றிக் காட்டுமேயன்றிப் பொதுவாக ஏரி நடுவிலுள்ள தீவில் இறக்கிவிடுவதில்லை. ஒரு யுவான் நோட்டின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் கல்விளக்குகளைக் காண விரும்புபவர்கள் தீவுக்குச் செல்லும் பெரிய படகில்தான் ஏற வேண்டும். இருட்டுவதற்கு முன்பே அந்தச் சேவை நின்றுவிடும்.

ஏரியின் மேற்கே மலைமடிப்பில் இருக்கும் லிங்யின் கோயிலில்தான் பயணிகள் மிகுதியாகத் தவறு செய்கிறார்கள். இந்தியாவிலிருந்து வந்த ஹுய்லி என்ற துறவி 4ஆம் நூற்றாண்டில் நிறுவியதாக மரபு கூறும் கோயில் இது. எதிரேயுள்ள ஃபெய்லாய் குன்றைக் கண்ட அவர், மகதத்தின் கழுகுமலையே பறந்து வந்து இங்கே அமர்ந்துவிட்டதாக வியந்தாராம். குன்றும் கோயிலும் ஒரே வாசலுக்குள் அடங்கியவை அல்ல. குன்றுப் பகுதிக்கு உள்ளே கோயிலுக்கென்று தனி நுழைவாயில் இருக்கிறது. முன்பதிவு, கட்டண விதிகள் அவ்வப்போது மாறுவதால் அவற்றை அன்றைய நிலவரப்படி சரிபார்த்துக்கொண்டு, கடவுச்சீட்டையும் கையில் வைத்திருக்க வேண்டும். உண்மையான பழமை குன்றின் பக்கத்தில்தான் இருக்கிறது: 10 முதல் 14ஆம் நூற்றாண்டு வரை பாறையிலும் குகைகளிலும் செதுக்கிய முந்நூறுக்கும் மேற்பட்ட சிற்பங்கள், அவற்றுள் சோங் வம்சக் காலத்தைச் சேர்ந்த, தொந்தியும் சிரிப்புமாகச் சாய்ந்திருக்கும், வருங்காலப் புத்தரான மைத்திரேயர், யுவான் வம்சக் காலத்துத் திபெத்தியப் பாணி உருவங்கள். பலரோ ஓடையின் மறுகரையில் இவற்றை ஓரக்கண்ணால் பார்த்தபடியே, பிரதான மண்டபத்தில் 1950களில் கற்பூர மரத்தில் செதுக்கிய பெரிய புத்தரை நோக்கி விரைகிறார்கள். அந்த மண்டபத்தின் முன்னே இருபுறமும் நிற்கும் 10ஆம் நூற்றாண்டுக் கல்கோபுரங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் எல்லோரும் ஊதுபத்தி ஏந்தி நிற்கிறார்கள்.

ஊதுபத்தியை வெளியே கட்டுக்கட்டாக விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஆளுக்கு மூன்று என்று கோயிலே இலவசமாகத் தருகிறது. நம் ஊர்க் கோயில் பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தேட வேண்டிய அவசியமும் இல்லை, அங்கே காலணியோடுதான் எல்லோரும் நுழைகிறார்கள். ஆனால் உயரமான மர வாசற்படியை மிதிக்கக் கூடாது, தாண்டித்தான் செல்ல வேண்டும். நிலைப்படி மரியாதை அறிந்த நமக்கு இது புதிதன்று. மண்டபத்தினுள் புத்தர் சிலைகளைப் படமெடுப்பதும் அவற்றை நோக்கி விரல் நீட்டுவதும் தவறு. ஏரியின் வடகரையில் உள்ள யுவே ஃபெய் என்ற தளபதியின் கோயிலில், அவரைக் கொல்லச் சதி செய்தவர்களின் இரும்புச் சிலைகள் மண்டியிட்ட நிலையில் இருக்கின்றன. அவற்றின் மேல் எச்சில் துப்புவது பழைய வழக்கம், இப்போது வேண்டாம் என்று அறிவிப்பே வைத்திருக்கிறார்கள்.

தோட்டங்களைப் பொறுத்தவரை, பெரிய பூங்காக்களோடு நிறுத்திக்கொள்வதுதான் குறை. மேற்குக் கரையில் 1907இல் ஒரு பட்டு வணிகர் அமைத்த குவோ தோட்டம் சிறியது; சுவரும் குளமும் பாறையும் கடந்து ஒரு திருப்பத்தில் திடீரென ஏரியே தோட்டத்தின் பகுதியாகத் திறந்துகொள்ளும் வகையில் அதைத் திட்டமிட்டிருக்கிறார்கள். நடுவில் நின்று நாலு படம் எடுத்துவிட்டு வெளியேறுபவருக்கு இந்த நுட்பம் பிடிபடாது. சன்னல்களின் வழியாகவும் மூலைகளிலிருந்தும் பார்க்க வேண்டும், ஓரிடத்தில் கொஞ்ச நேரம் உட்காரவும் வேண்டும்.

இவ்வூரின் பெயர்பெற்ற பச்சைத் தேயிலையான லோங்ஜிங்கை வாங்குபவர்கள், வழியில் மறித்து வீட்டுக்கு அழைப்பவர்களின் பின்னால் செல்லாமல், ருசி பார்த்து, எடைக்கு என்ன விலை என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும். ஏப்ரல் தொடக்கத்தில் வரும் சிங்மிங் திருநாளுக்கு முன் பறித்த முதல் கொழுந்து எப்போதும் விலை உயர்ந்தது. அதை மலிவாகத் தருவதாக ஒருவர் சொன்னாலே சந்தேகப்படலாம். கூகுள் வரைபடத்தை நம்பி நடப்பதும் வீண், சீன வரைபடங்களில் இடங்களை எண்களால் குறிக்கும் ஆயத்தொலை முறை வேறு என்பதால் அது காட்டும் இடம் சற்று விலகியே இருக்கும். உள்நாட்டு வரைபடச் செயலியையும், வெளிநாட்டு அட்டையை இணைத்த அலிபே அல்லது வீசாட் கட்டண வசதியையும் புறப்படுவதற்கு முன்பே தயார் செய்துகொள்ள வேண்டும். சைவ உணவுக்காரர்கள் பிஸ்கட்டை மூட்டை கட்டிச் செல்ல வேண்டாம். லிங்யின் கோயிலிலேயே சைவ நூடுல்ஸ் கிடைக்கிறது. சீனப் பௌத்த மரபில் வெங்காயமும் பூண்டும் விலக்கு என்பதால், நம் வீட்டு விரதச் சாப்பாட்டுக்காரர்களும் தயங்காமல் உண்ணலாம்.