நண்பருக்குக் கொடுக்க ஒரு கத்தி: முதல் முறை செய்பவர்களுக்கு

பரிசுக் கத்தி என்றதும் பெரிதாக, வளைவும் நெளிவுமாகச் செய்யத்தான் கை பரபரக்கும். முதல் தடவைக்கு அது வேண்டாம். காய், பழம் நறுக்கும் சின்னக் கத்தி போதும்: அலகு 8 செ.மீ., பிடி 11 செ.மீ. நாலு பேருக்குக் கொடுப்பதானால் ஐந்து தகடு வெட்டி வையுங்கள். ஒன்று வீணாகும் என்றே வைத்துக்கொள்ளலாம், அநேகமாகச் சிவக்கச் சுட்ட அலகைக் கடினமாக்க எண்ணெயில் தோய்க்கும்போது.

கண்ணில் பட்ட இரும்புப் பட்டையை எடுக்காதீர்கள். மைல்டு ஸ்டீலில் கார்பன் குறைவு, எப்படிச் சுட்டாலும் கூர் நிற்காது. 3 மி.மீ. தடிமனுள்ள 1084 எஃகு (கார்பன் அதிகமுள்ள ரகம்) வாங்குங்கள். இதைக் குறிப்பிட்ட சூட்டில் நெடுநேரம் பிடித்து வைக்கத் தேவையில்லை என்பதால் சின்ன உலைக்குத் தோது.

வடிவத்தை முதலில் அட்டையில் வெட்டிக் கையில் பிடித்துப் பாருங்கள். பிறகு தகட்டில் வரைந்து, ஹேக்சாவால் அறுத்து, அரத்தால் திருத்துங்கள். பிடியை இறுக்கும் ஆணிகளுக்கான இரண்டு 6 மி.மீ. துளைகளையும் இப்போதே போட்டுவிட வேண்டும். தோய்த்த பிறகு மழுங்குவது ட்ரில் பிட்தான்.

கூர் வரவேண்டிய விளிம்பில் மார்க்கர் மை பூசுங்கள். சமதளத்தில் தகட்டையும் 3 மி.மீ. ட்ரில் பிட்டையும் கிடத்தி, பிட்டின் நுனியால் கோடு கீறுங்கள். தகட்டைப் புரட்டி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் மையம். இரு பக்கமும் மாறி மாறி அராவி, விளிம்பில் 1 மி.மீ. மிச்சம் வையுங்கள். ஆசைப்பட்டு மெலிதாக்கினால் தோய்க்கும்போது அலையலையாக நெளியும், இல்லாவிட்டால் விரிசல் விடும்.

தோய்ச்சலை நிழலில் செய்யுங்கள், வெயிலில் நெருப்பின் நிறம் கண்ணுக்குப் பிடிபடாது. மெல்லிய முனை சீக்கிரம் சூடேறிவிடும் என்பதால் அலகை உலைக்குள் முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருங்கள். சுமார் 770 டிகிரி செல்சியஸில் காந்தம் ஒட்டாது. அதற்கு மேல் சிவப்பு இன்னும் ஒரு சாயல் வெளுத்ததும் (800 முதல் 815) எடுத்து, 50 டிகிரிக்குச் சூடாக்கிய கனோலா எண்ணெயில் முனை கீழாகச் செங்குத்தாக இறக்குங்கள். மேலும் கீழுமாக அசைக்கலாம். பக்கவாட்டில் ஆட்டினால் ஒரு பக்கம் முந்தி ஆறி அலகு கோணிக்கொள்ளும். தண்ணீரில் தோய்த்தால் வெடிக்க வாய்ப்பு அதிகம். எண்ணெய்ப் பாத்திரம் உலோகமாக இருக்கட்டும். தீப்பற்றினால் மூட ஒரு மூடி பக்கத்திலேயே வேண்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது.

ஆறியதும் விளிம்பில் அரத்தை ஓட்டுங்கள். கண்ணாடிமேல் போல வழுக்கினால் சரி. கடித்தால் உடனே மனம் தளர வேண்டாம், கார்பன் எரிந்துபோன மேல்தோலாக இருக்கலாம். இரண்டு இழுப்பு அராவிப் பாருங்கள். அப்போதும் கடித்தால் சூடு போதவில்லை, மறுபடி தோய்க்க வேண்டியதுதான்.

இந்த நிலையில் கத்தி கீழே விழுந்தாலே உடையும். அன்றைக்கே 200 டிகிரியில் பேக்கிங் அவனுக்குள் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, மறுபடி இரண்டு மணி நேரம் வையுங்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடம் வைக்கோல் நிறத்துக்கு மாறும்.

அடுத்து 120, 220, 400 நம்பர் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்ப்பது. மெஷினில் தேய்த்தால் கையுறையில்லாமல் பிடித்து, விரலில் சூடு தெரிந்ததும் தண்ணீரில் முக்குங்கள். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். தூசுக்கு நல்ல மாஸ்க் அவசியம்.

பிடிக்கு 8 மி.மீ. மரத்துண்டுகள் இரண்டு. அலகைப் பார்த்திருக்கும் முன்முனைகளை ஒட்டுவதற்கு முன்பே முழுசாக மெருகேற்றிவிடுங்கள். ஒட்டியபின் அங்கே தாளை ஓட்டினால் அலகு கீறும். ஒட்டும் பரப்பை 80 தாளால் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடைத்து, 24 மணி நேரத்தில் இறுகும் எபாக்சிப் பசையைத் தடவுங்கள். கிளாம்பை முறுக்கித் தள்ள வேண்டாம், பசை முழுக்க வெளியே பிதுங்கி உள்ளே வெறும் மரமும் இரும்பும்தான் மிஞ்சும்.

கூர் தீட்டுவது கடைசியில்: 1000 நம்பர் சாணைக்கல், பக்கத்துக்கு 20 டிகிரி சாய்வு.

கொடுக்கும்போது நண்பரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். இது துருப்பிடிக்கும் எஃகு, கழுவியதும் துடைத்துவிட வேண்டும். எலுமிச்சை நறுக்கினால் சாம்பல் நிறம் ஏறும், அதைத் தேய்த்துப் போக்க வேண்டாம். செம்பழுப்பாகத் தெரிந்தால் மட்டும்தான் துரு.