சி மொழியில் லிப்வேர்ட்: ஒரு விஎம்கூட இல்லாமல் தொடங்குவோம்

விஎம்களை, அதாவது கணினிக்குள் மென்பொருளால் ஓடும் கணினிகளை, இயக்க உதவும் லிப்வேர்ட் என்ற லைப்ரரியைப் பழக வேண்டுமென்றால் முதலில் பெரிய மெஷின் ஒன்று வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ரம் விலையைக் கேட்டுவிட்டு, அந்த யோசனையையே விட்டுவிடுகிறார்கள். உண்மையில் லினக்ஸ் ஓடுகிற பழைய லப்டொப் ஒன்று காணும். ஓஎஸ் நிறுவுவதற்கான எந்த ஐஎஸ்ஓ கோப்பையும் இறக்கத் தேவையில்லை, டேட்டா பொதியும் தப்பும். காரணம், லிப்வேர்ட்டுக்குள்ளேயே ஒரு பொய் மெஷின் இருக்கிறது. அதை வைத்துத்தான் இந்தப் பாடம்.

கியூஎமு, கேவிஎம், சென், எல்எக்ஸ்சி என்று மெய்நிகராக்கத்துக்குப் பல வழிகள் உண்டு. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகத்தான் இயக்க வேண்டும். அவை எல்லாவற்றுக்கும் மேலே பொதுவான ஒரு சி இடைமுகத்தைத் தருவதுதான் லிப்வேர்ட். ரெட் ஹட் நிறுவனத்தில் 2005இல் தொடங்கிய திட்டம் இது. விஎம்களை இயக்கும் கருவிகளான விர்ஷ், வேர்ட்-மெனேஜர் இரண்டும் இதே ஃபங்ஷன்களைத்தான் அழைக்கின்றன. பைதன் வழியாகவும் இதைப் பழகலாம்தான். ஆனால் எந்த நினைவகத்தை யார் விடுவிக்க வேண்டும் என்பதை பைதன் மறைத்துவிடும். அதனால் சி-யில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து.

பெயர்கள் பற்றி முதலில்

ஃபங்ஷன் பெயர்களை இங்கே ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். கோடில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். விதி இலகுவானது: எல்லாப் பெயரும் "விர்" என்று மூன்று சின்ன எழுத்துகளில் தொடங்கும். பிறகு வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் முதலெழுத்து பெரியது, இடைவெளி கிடையாது. ஐடி, எக்ஸ்எம்எல் போன்ற சுருக்கங்கள் மட்டும் முழுக்கப் பெரிய எழுத்தில் வரும். நடுவில் வரும் சொல்லைப் பார்த்தாலே ஃபங்ஷன் எதைத் தொடுகிறது என்று தெரிந்துவிடும்: "கனெக்ட்" என்றால் இணைப்பு, "டொமைன்" என்றால் விஎம்.

படி 1: நிறுவுதல்

உபுண்டு, டெபியன் பாவிப்பவர்கள் "லிப்வேர்ட்-டெவ்" பொதியையும், ஃபெடோரா பாவிப்பவர்கள் "லிப்வேர்ட்-டெவெல்" பொதியையும் நிறுவுங்கள். கூடவே ஜிசிசி கம்பைலர் வேண்டும். கோப்பின் தலையில் இரண்டு ஹெடர்களைச் சேருங்கள்: லிப்வேர்ட் அடைவுக்குள் இருக்கும் "லிப்வேர்ட்.எச்", "வேர்ட்எரர்.எச்".

கம்பைல் பண்ணும்போது சோர்ஸ் கோப்பின் பெயர் முதலில் வர வேண்டும், லைப்ரரியைச் சேர்க்கும் "-எல்வேர்ட்" கடைசியில். "லிப்" என்ற முன்பகுதியை லிங்கர் தானே சேர்த்துக்கொள்ளும். உபுண்டுவில் இந்த வரிசையை மாற்றிப் போட்டால் ஃபங்ஷன்களைக் காணவில்லை என்று லிங்கர் திட்டும். கோடில் பிழையைத் தேடி நேரத்தைக் கரைக்காதீர்கள்.

படி 2: இணைப்பைத் திறத்தல்

எல்லா வேலையும் "விர்கனெக்ட்ஓப்பன்" ஃபங்ஷனில் தொடங்குகிறது. அதற்குக் கொடுக்க வேண்டியது ஒரேயொரு முகவரி. நமக்கு வேண்டியது அந்தப் பொய் மெஷினின் முகவரி:

டெஸ்ட்:///டிஃபோல்ட்

மூன்று சாய்கோடுகளும் வேண்டும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இருப்பது சேர்வரின் பெயருக்கான இடம். அந்த இடம் வெறுமையாக இருந்தால் "இதே கணினி" என்று அர்த்தம்.

முகவரிக்குப் பதிலாக நல் (வெற்றுப் பொயின்டர்) கொடுத்தாலும் ஃபங்ஷன் வேலை செய்யும். அப்போது லிப்வேர்ட் தானாகவே ஏதோ ஒன்றைத் தெரிவுசெய்யும். பழகுகிற காலத்தில் அது வேண்டாம். எதனோடு இணைந்திருக்கிறோம் என்று நமக்கே தெரியாமல் போய்விடும்.

திரும்பி வருவது இணைப்புக்கான பொயின்டர். நல் வந்தால் "விர்கெட்லாஸ்ட்எரர்மெசேஜ்" ஃபங்ஷனை அழைத்து, அது தரும் செய்தியை அச்சிட்டுவிட்டு வெளியேறுங்கள். பிழை வந்தால் லிப்வேர்ட் தன் பாட்டிலும் திரையில் ஒரு வரி எழுதும். அதனால் ஒரே செய்தியை இரண்டு தரம் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

படி 3: விஎம்களைப் பட்டியலிடுதல்

பழைய எடுத்துக்காட்டுகளில் முதலில் எண்ணிக்கையைக் கேட்டு, பிறகு பட்டியலைக் கேட்கும் இரண்டு ஃபங்ஷன்களைக் காண்பீர்கள். இரண்டு கேள்விக்கும் நடுவில் ஒரு விஎம் நின்றுவிட்டால் கணக்குப் பிழைக்கும். 2012இல் வந்த "விர்கனெக்ட்லிஸ்ட்ஓல்டொமைன்ஸ்" இரண்டையும் ஒரே அழைப்பில் செய்துவிடும். அதையே பாவியுங்கள். கோடின் எலும்புக்கூடு இப்படி இருக்கும்:

தொகை = விர்கனெக்ட்லிஸ்ட்ஓல்டொமைன்ஸ்(இணைப்பு, &பட்டியல், 0);
ஃபோர் (ஐ = 0; ஐ < தொகை; ஐ++) {
  விர்டொமைன்கெட்இன்ஃபோ(பட்டியல்[ஐ], &விபரம்);
  பிரின்ட்எஃப்(பெயர், விபரம்.மெமரி, விபரம்.மக்ஸ்மெம்);
  விர்டொமைன்ஃப்ரீ(பட்டியல்[ஐ]);
}
ஃப்ரீ(பட்டியல்);
விர்கனெக்ட்க்ளோஸ்(இணைப்பு);

பெயரை "விர்டொமைன்கெட்நேம்" ஃபங்ஷனிடம் வாங்குங்கள். கடைசியில் கொடுத்த 0, ஓடுவது, நிற்பது எல்லாவற்றையும் தா என்று சொல்கிறது. தொகை -1 என்று வந்தால் அது பிழை. அந்த நேரத்தில் பட்டியலைத் தொட வேண்டாம்.

ஓட்டிப் பாருங்கள். "டெஸ்ட்" என்ற பெயரில் ஒரு விஎம் வரும். நினைவக அளவு 2097152, உச்ச அளவு 8388608. இவை கிபிபைட்டில் உள்ள எண்கள். 1024ஆல் ஒருமுறை வகுத்தால் மெபிபைட், இன்னொருமுறை வகுத்தால் 2, 8 என்று ஜிபிபைட் கணக்கு வரும். உங்கள் ரம்மில் அதற்காக எதுவும் செலவாகாது, அந்த விஎம் வெறும் பதிவுதான்.

எதை விடுவிப்பது, எதை விடுவது

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். "விர்டொமைன்கெட்நேம்" தரும் பெயரை ஃப்ரீ பண்ணக் கூடாது. வெள்ளவத்தையில் அனெக்ஸ் எடுத்தவர்களுக்கு இது விளங்கும்: வீட்டுக்காரரின் அலுமாரியை நாங்கள் பாவிக்கலாம், விற்க ஏலாது, வீட்டை விட்டபிறகு அதைத் திறக்கவும் ஏலாது. அதேபோல "விர்டொமைன்ஃப்ரீ" அழைத்தபிறகு அந்தப் பெயரைத் தொடக் கூடாது. பிறகும் தேவையென்றால் முன்கூட்டியே பிரதி எடுத்துவையுங்கள்.

மாறாக, "விர்டொமைன்கெட்எக்ஸ்எம்எல்டெஸ்க்" தரும் எக்ஸ்எம்எல் உங்களுடையது, கட்டாயம் ஃப்ரீ பண்ண வேண்டும். "விர்கனெக்ட்கெட்ஹோஸ்ட்நேம்" தருவதும் அப்படியே. ஆனால் "விர்கனெக்ட்கெட்டைப்" தருவதை ஃப்ரீ பண்ணக் கூடாது. ஊகித்து எழுதாமல் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஆவணத்தைப் பாருங்கள்.

"விர்டொமைன்ஃப்ரீ" விஎம்மை ஒன்றும் செய்யாது. உங்கள் புரோகிராமின் கையில் இருக்கும் பிடியை மட்டும்தான் விடுகிறது. மேலேயுள்ள கோடில் அந்த ஒரு வரியை வேண்டுமென்றே நீக்கிவிட்டு, நினைவகக் கசிவைக் காட்டும் வல்கிரைண்ட் மூலம் ஓட்டிப் பாருங்கள். கசிவு எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் கண்டால் பிறகு மறக்காது.

படி 4: சொந்தமாக ஒரு விஎம்

ஒரு ஸ்ட்ரிங்கில் சின்ன எக்ஸ்எம்எல் எழுதுங்கள். வெளி உறுப்பு டொமைன், அதன் வகை "டெஸ்ட்". உள்ளே பெயர், மெமரி, பிறகு ஓஎஸ் உறுப்புக்குள் "எச்விஎம்" என்ற வகை. இவ்வளவு போதும். மெமரிக்கு அலகு போடாவிட்டால் கிபிபைட் என்றே எடுக்கப்படும். 512 மெபிபைட் வேண்டுமென்றால் 524288 என்று எழுதுங்கள், அல்லது அலகைக் குறிப்பிடுங்கள். என் விஎம்முக்குத் தெஹிவளை என்று பெயர்.

இதை "விர்டொமைன்டிஃபைன்எக்ஸ்எம்எல்" ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் விஎம் பதிவாகும், ஆனால் ஓடாது. அந்த நிலையில் "விர்டொமைன்கெட்ஐடி" கேட்டு அச்சிட்டால் 4294967295 என்று வரும். பயப்பட வேண்டாம். ஓடாத விஎம்முக்கு ஐடி -1, அதைக் குறியில்லா முழு எண்ணாகப் பார்த்தால் இப்படித் தெரியும். "விர்டொமைன்கிரியேட்" அழைத்ததும் விஎம் ஓடத் தொடங்கும், ஐடியும் ஒழுங்கான எண்ணாக மாறும்.

புரோகிராம் முடிந்ததும் தெஹிவளை மறைந்துவிடும். பொய் மெஷினை நடத்தும் டெஸ்ட் இயக்கி எதையும் வட்டில் எழுதுவதில்லை. துணிந்து விளையாடலாம்.

படி 5: உண்மையான சேர்வருக்கு

கேவிஎம் உள்ள மெஷின் கிடைத்ததும் முகவரியை "கியூஎமு:///சிஸ்டம்" என்று மாற்றுங்கள். பட்டியலிடும் கோட் அப்படியே ஓடும். உபுண்டுவில் அனுமதி மறுக்கப்பட்டால் உங்கள் கணக்கை "லிப்வேர்ட்" குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். பார்ப்பது மட்டும்தான் வேலை என்றால் "விர்கனெக்ட்ஓப்பன்ரீட்ஒன்லி" போடுங்கள். தவறுதலாகக்கூட எதையும் நிறுத்த முடியாது.

சேர்வர் மருதானையில், நீங்கள் வீட்டில் என்றால் முகவரியின் தொடக்கம் "கியூஎமு+எஸ்எஸ்எச்" ஆகும். படி 2இல் வெறுமையாக விட்ட இடத்தில் சேர்வரின் பெயரை நிரப்புங்கள்.

இங்கே நிறுத்துவதற்கு இரண்டு வழிகள் உண்டு. "விர்டொமைன்டிஸ்ட்ரோய்" பெயரைக் கேட்டால் விஎம்மையே அழிப்பதுபோல இருக்கும். அது வட்டையோ பதிவையோ அழிக்காது, ஆனால் விஎம்மை அந்தக் கணமே நிறுத்திவிடும். உள்ளே எழுதி முடிக்காத தரவு போய்விடும். "விர்டொமைன்ஷட்டவுன்" உள்ளே ஓடும் ஓஎஸ்ஸிடம் நிற்கும்படி கேட்கும், அவ்வளவுதான். அது 0 தந்தால் கோரிக்கை போய்விட்டது என்று அர்த்தம், விஎம் நின்றுவிட்டது என்றல்ல. ஆகவே ஷட்டவுன் கொடுத்து, செக்கனுக்கு ஒருமுறை "விர்டொமைன்கெட்ஸ்டேட்" மூலம் நிலையைப் பாருங்கள். ஒரு நிமிடம் கழிந்தும் நிற்கவில்லையென்றால் மட்டும் டிஸ்ட்ரோய்.