பிள்ளை சாப்பிடமாட்டேன் என்கிறதா? முதலில் கோப்பையைப் பாருங்கள்

"சோத்தத் தொடவே மாட்டேங்குறா", "காய்கறியக் கண்டாலே ஓடுறான்" என்று கவலைப்படும் பெற்றோர் தமக்குள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சாப்பாட்டுக்கு முந்திய இரண்டு மணி நேரத்தில் பிள்ளையின் வயிற்றுக்குள் என்னென்ன போனது? ஒரு கோப்பை மைலோ, நாலு பிஸ்கட், பள்ளி வேனில் ஒரு பாக்கெட் கெரொப்போக். இவ்வளவும் போன பிறகு பசி எங்கிருந்து வரும்? பசியில்லாத பிள்ளையின் முன்னால் எந்தக் கறியை வைத்தாலும் தட்டு அப்படியேதான் திரும்பும்.

அதனால் பானத்தில் தொடங்குங்கள். அடுத்து நேரம், பிறகு தட்டு, அதற்கும் பிறகே காய்கறி. பலர் காய்கறியில் தொடங்கி, தினமும் சண்டை போட்டு, மூன்றாவது வாரத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். மலேசியாவில் பெரியவர்களிடையே நீரிழிவு நம் இந்தியச் சமூகத்தில்தான் மிக அதிகம் என்பதைத் தேசியச் சுகாதார ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவருகின்றன. பிள்ளையின் நாக்கு இந்த வயதில் எந்த இனிப்புக்குப் பழகுகிறதோ, அதையே பிற்காலத்திலும் தேடும்.

கோப்பை

ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறத்தாழ 4 கிராம். பானங்களிலும் பலகாரங்களிலும் நாம் சேர்க்கும் சீனி, தேன், பழச்சாற்றில் உள்ள சீனி எல்லாம் சேர்ந்து நாளின் மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, 5 விழுக்காட்டுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டி. நாளுக்கு 1600 கலோரி தேவைப்படும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு 10 விழுக்காடு என்றால் 40 கிராம், 5 விழுக்காடு என்றால் 20 கிராம். அதாவது ஐந்து தேக்கரண்டி.

டின் பாலில் (இனிப்புச் சேர்த்த கெட்டிப் பால்) ஏறக்குறைய பாதி சீனிதான். இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினால் அந்த 20 கிராம் அங்கேயே முடிந்தது. மைலோத் தூளில் இருக்கும் சீனி தனிக் கணக்கு. இன்னொன்றையும் கவனியுங்கள். கடையில் டின் பால் என்று நாம் எடுப்பவற்றில் பல உண்மையில் பால் அல்ல. டின்னைத் திருப்பினால் 'கிரீமர் மானிஸ்' (இனிப்புக் கிரீமர்) என்று போட்டிருக்கும், செம்பனை எண்ணெய் கலந்திருக்கும். பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டோம் என்ற கணக்கில் அதைச் சேர்க்க முடியாது.

மாற்றுவது இப்படி: 200 மில்லி சாதாரணப் பால், அதில் இரண்டு தேக்கரண்டி மைலோ, வேறு சீனி வேண்டாம். ஒரே நாளில் இதற்குத் தாவினால் பிள்ளை குடிக்காது. டின் பாலை வாரத்துக்கு அரைத் தேக்கரண்டி வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். இரண்டு மூன்று மாதத்தில் நாக்கு பழகிவிடும், பழைய இனிப்பு பிறகு திகட்டும். இந்தக் கோப்பை காலைப் பசியாறலோடு வரட்டும். மாலை ஆறு மணிக்கு வந்தால் இரவுச் சாப்பாடு போச்சு. ஒன்றிலிருந்து மூன்று வயதுக் குழந்தைக்கு நாளுக்கு 500 மில்லி பால் போதும். புட்டிப்பாலிலேயே வயிற்றை நிரப்பும் குழந்தை சோறு தின்னாது, இரும்புச்சத்தும் குறைந்துபோகும்.

போத்தல் பானங்களுக்கு வருவோம். 2019 ஜூலை 1 முதல், 100 மில்லியில் 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு அரசாங்கம் லிட்டருக்கு 40 சென் வரி விதித்தது. 2025இல் அது 90 சென் ஆனது. வரியைத் தவிர்க்கப் பல நிறுவனங்கள் சீனியைக் குறைத்து, 5 கிராமுக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றன. குறைந்தது நல்லதுதான். ஆனால் 100 மில்லிக்கு 5 கிராம் என்றால் 500 மில்லிப் போத்தலில் 25 கிராம், ஆறு தேக்கரண்டிக்கு மேல். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கே இந்தப் பெருக்கல் வரும். பேரங்காடியில் போத்தலைக் கையில் கொடுத்து, 'குலா' (சீனி) என்ற வரியைத் தேடச் சொல்லி, அதனிடமே கணக்குப் போடச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் அத்தனை கரண்டிச் சீனியை ஒரு கிண்ணத்தில் அள்ளிக் காட்டுங்கள். பாடம் நடத்தவே வேண்டியதில்லை.

மாமாக் கடையில் ஆர்டர் கொடுக்கும்போது முதலில் 'குராங் மானிஸ்' (இனிப்புக் குறைவு), சில மாதங்களில் 'தே ஓ கோசோங்' (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) அல்லது வெறும் தண்ணீர். அப்பா தே தாரிக்கை உறிஞ்சிக்கொண்டே மகனை மட்டும் தண்ணீர் குடிக்கச் சொன்னால் நடக்காது. அறவே தடையும் வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், சாப்பாட்டோடு சேர்த்து, பிள்ளைக்குப் பிடித்த பானம் ஒன்று இருக்கட்டும். முழுக்க மூடிவைத்தால் பள்ளி வாசல் கடையில் ஒளித்துக் குடிக்கும்.

நேரம்

காலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு 6.15க்குப் பசியாறல், 10 மணிவாக்கில் பள்ளி ஓய்வு, 1.30க்கு மதியம், 4.30க்கு மாலைத் தீனி, 7.30க்கு இரவுச் சாப்பாடு. நடுவில் தண்ணீர் மட்டும். உண்மையான பசி எடுக்க இரண்டரை முதல் மூன்று மணி நேர இடைவெளி வேண்டும்.

அமெரிக்க ஊட்டச்சத்து வல்லுநர் எலின் சாட்டர் வகுத்த ஒரு பங்கீடு குழந்தை மருத்துவர்கள் பலர் பின்பற்றுவது. என்ன சமைப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பவை பெற்றோர் கையில். எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா வேண்டாமா என்பது பிள்ளை கையில். நம் வீடுகளில் இது அப்படியே தலைகீழாக நடக்கிறது. என்ன வேண்டும் என்று பிள்ளையைக் கேட்டுச் சமைக்கிறோம், எவ்வளவு என்பதை நாம் முடிவுசெய்து வாயில் திணிக்கிறோம். "இன்னும் ரெண்டே வாய் கண்ணு" என்று கைப்பேசியில் கார்ட்டூன் காட்டி ஊட்டும்போது, வயிறு நிறைந்ததைப் பிள்ளையின் மூளை கவனிக்கப் பழகாமலே போகிறது. பிற்காலத்தில் நிறுத்தத் தெரியாமல் சாப்பிட இதுவும் ஒரு காரணம்.

பிள்ளை மூன்று வாயோடு எழுந்தால் விடுங்கள். அடுத்த நேரம் வரை வேறெதுவும் கிடையாது என்பதை மட்டும் கோபமில்லாமல் சொல்லுங்கள். இந்த இடத்தில்தான் பாட்டி குறுக்கே வருவார், அரை மணி நேரம் கழித்து ரொட்டியில் காயா தடவிக் கொடுப்பார். பாட்டியோடு சண்டை வேண்டாம். முன்னாலேயே உட்கார்ந்து பேசி, 4.30 மணித் தீனியை அவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள். அவித்த கடலை, சுண்டல், வேகவைத்த மரவள்ளி, பிசாங் மாஸ் வாழைப்பழம், நறுக்கிய கொய்யா என்று பட்டியலை அவரே சொல்வார். கொடுக்க வேண்டும் என்ற அவர் ஆசையும் நிறைவேறும்.

தட்டு

சுகாதார அமைச்சின் 'சூகு சூகு செபாரோ' எல்லாருக்கும் தெரிந்ததே: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், முட்டை, பருப்பு போன்றவை, பாதி காய்கறியும் பழமும். தெரிந்தும் நடப்பதில்லை. பரிமாறும் வரிசைதான் காரணம். முதலில் சோற்றைப் போட்டால் அது முக்கால் தட்டைப் பிடித்துக்கொள்ளும். காயை முதலில் வையுங்கள், அடுத்து மீன், மிஞ்சிய இடத்தில் சோறு. உருளைக்கிழங்குப் பிரட்டல் சோற்றின் பங்கைச் சேர்ந்தது, அதைக் காய்கறிக் கணக்கில் எழுதாதீர்கள். சோறும் பொரித்த முட்டையும் கிச்சாப்பும் (சோயா சாஸ்) மட்டுமே தின்னும் பிள்ளைகள் நிறைய உண்டு. கிச்சாப்பில் உப்பு, சீனி இரண்டும் அதிகம். போத்தலை மேசையிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு தேக்கரண்டியைச் சிறு கிண்ணத்தில் வைத்தால் தானாகக் குறையும்.

வெள்ளிக்கிழமைகளிலும் புரட்டாசி மாதத்திலும் புரதம் எங்கே போகிறது என்று பாருங்கள். பிள்ளையின் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் புரதம் நாளொன்றுக்கு வேண்டும். நாலு பேருக்கு அரைக் கப் பருப்பில் தண்ணீராகச் சாம்பார் வைத்தால் ஆளுக்கு 6 கிராம்கூடத் தேறாது. ஒரு கப், அதாவது 200 கிராம் பருப்பு போட்டுக் கெட்டியாக வையுங்கள், ஆளுக்கு 11 கிராம் கிடைக்கும். கூடவே தெம்பே (புளிக்கவைத்த சோயா). 100 கிராமில் 19 கிராம் புரதம், விலையும் குறைவு. மெல்லிய துண்டாக நறுக்கி, மஞ்சள், உப்பு, கொஞ்சம் மிளகாய்த்தூள் பிரட்டி, மொறுமொறுவென்று வாட்டினால் பிள்ளைகள் தின்பார்கள். கடையில் விற்கும் சைவ இறைச்சியில் உப்பு அதிகம், அதை நம்பி ஒரு மாதத்தை ஓட்டாதீர்கள்.

காய்கறி

காய்கறியை வெறுக்கும் பிள்ளைகளில் பலர் உண்மையில் வெறுப்பது கொழகொழப்பையும் வாடையையும் நாரையும்தான். கோபிஸை (முட்டைக்கோஸ்) நீண்ட நேரம் வேகவிட்டால் கந்தக வாடை கிளம்பும். மூன்று நான்கு நிமிடம், நல்ல தீயில், மூடாமல் வதக்கி இறக்குங்கள். வெண்டைக்காயை முழுதாகக் கழுவித் துணியால் ஈரம் போகத் துடைத்த பிறகே நறுக்க வேண்டும். அகலச் சட்டியில் மூடி போடாமல் வதக்கி, உப்பைக் கடைசியில் போடுங்கள். முதலிலேயே உப்புப் போட்டால் நீர் விட்டு வழவழக்கும். கங்கோங் கீரைத் தண்டு சிறு பற்களுக்கு நார், விரற்கணு நீளத்துக்கு நறுக்கித் தண்டை முதலிலும் இலையைப் பிறகும் போடுங்கள். முருங்கைக்கீரையை முட்டையோடு கிளறினால் கசப்புத் தெரியாது.

புதுக் காய் ஒன்றைப் பிள்ளை ஏற்க எட்டு முதல் பதினைந்து முறைகூட ஆகலாம். ஒவ்வொரு முறையும் பத்துக் காசு அளவு மட்டும், பிடித்த இரண்டு பதார்த்தங்களோடு தட்டின் ஓரத்தில் இருக்கட்டும். தொட்டுப் பார்த்தாலும் முகர்ந்தாலும் அது முன்னேற்றமே. "கீரையத் தின்னா ஐஸ்கிரீம்" என்ற பேரம் கூடவே கூடாது. கீரை தண்டனை, ஐஸ்கிரீம் பரிசு என்றுதான் அது பதியும். மிகச் சுலபமான வழி ஒன்று: இரவுச் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் முன்பு, பசி கிள்ளும் நேரத்தில், வெள்ளரி, கேரட், செங்குவாங் கிழங்கு நறுக்கி மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விடுங்கள். சனிக்கிழமை காலை சௌக்கிட் சந்தைக்கோ பினாங்கில் சௌராஸ்தா சந்தைக்கோ கூட்டிப்போய், ஒரு காயைத் தேர்ந்தெடுக்கும் வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள்.

பள்ளிக்குக் கொடுத்தனுப்புவது

ஓய்வு நேரம் குறைவுதான், அதில் வரிசையும் கழிவறையும் விளையாட்டும் உண்டு. ஒரு கையால் எடுத்து ஐந்து நிமிடத்தில் தின்று முடிப்பதாக இருக்க வேண்டும். முட்டையை வைத்துச் சுருட்டி நாலாக வெட்டிய சப்பாத்தி, நெத்திலி போட்ட உலர்ந்த மீகூன், இட்லிப்பொடி தடவிய குட்டி இட்லி எல்லாம் சரிவரும். தேங்காய்ச் சட்னியும் சந்தான் (தேங்காய்ப்பால்) சேர்த்த சோறும் நம் வெயிலில் சீக்கிரம் கெடும், வேண்டாம். சூடாகக் கொடுக்க நினைத்தால், வெப்பம் காக்கும் பாத்திரத்தில் கொதிநீரை ஐந்து நிமிடம் ஊற்றி வைத்து, கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்கச் சாப்பாட்டை நிரப்புங்கள்.

பதின்ம வயது

படிவம் ஒன்று தாண்டினால் கட்டுப்பாடு உங்கள் கையில் இல்லை. டியூஷன், புறப்பாட நடவடிக்கை, கையில் பணம், இரவு பத்து மணிக்கு நண்பர்களோடு மாமாக். இனிமேல் உங்கள் வேலை சரியாகத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொடுப்பதே. நாசி கண்டார் கடையில் எப்படிக் கேட்பது என்று சொல்லிக்கொடுங்கள்: சோறு 'செபாரோ' (பாதி), ஒரே ஒரு கோழி அல்லது மீன், கூடவே வெண்டைக்காயும் கோபிஸும், குழம்பு கொஞ்சம். ரொட்டி சானாய் ஒன்று சுமார் 300 கலோரி. இரண்டாவதுக்குப் பதில் அரை அவியல் முட்டை இரண்டு கேட்டால் பசியும் தாங்கும்.

பந்தாட்டமோ சிலம்பமோ முடிந்து வரும் பையனுக்கு மாலை நாலரைக்குப் பிஸ்கட் காணாது, அரைச் சாப்பாடே வேண்டும். அது இல்லாத வீட்டில்தான் மேகி தினசரியாகிறது. அவசரத்துக்கு மேகி என்றால் மசாலாப் பொட்டலத்தில் பாதி மட்டும், ஒரு முட்டை, ஒரு கைப்பிடி சாவிக் கீரை. உப்பில் பெரும்பங்கு அந்தப் பொட்டலத்தில்தான் இருக்கிறது.

மாதவிலக்கு தொடங்கிய பெண் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்தே முதல் கவலை. ஆட்டு ஈரல், இறைச்சி, பருப்பு, கீரை இவற்றோடு எலுமிச்சை பிழிந்த சாலட்டோ கொய்யாவோ சேர்த்தால் உடல் இரும்பை நன்றாக ஈர்க்கும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அந்த ஈர்ப்பு குறையும், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள்.

உடலைப் பற்றிய பேச்சு வீட்டில் வேண்டாம். கல்யாண வீட்டில் ஓர் அத்தை "என்னடி இப்படி ஊதிட்ட?" என்று கேட்டால், பிள்ளையின் முன்னாலேயே பேச்சை மாற்றிவிடுங்கள். அந்த ஒரு வரியால் மறுநாளே பட்டினி தொடங்கும் பெண்கள் உண்டு. வேளைகளைத் தவிர்ப்பது, சாப்பிட்டதும் கழிவறைக்குப் போய்ப் பூட்டிக்கொள்வது, மாதவிலக்கு நின்றுபோவது, தசை ஏற்ற வேண்டும் என்று புரதத்தூளிலேயே வாழ்வது, எடை சடாரென இறங்குவது, எப்போதும் களைப்பு, வெளிறிய முகம் என்று எது தெரிந்தாலும் அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். அங்கிருந்து உணவியல் அதிகாரியிடம் அனுப்புவார்கள். போவதற்கு முன் மூன்று நாள் கணக்கை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு நாள் சனி அல்லது ஞாயிறாக இருக்கட்டும். என்ன சாப்பிட்டது, எத்தனை கரண்டி, எத்தனை மணிக்கு என்பதோடு, குடித்த ஒவ்வொரு கோப்பையும் அதில் இருக்க வேண்டும்.