ஃபாஸ்டெமில் இடம் பிடிக்க ஒரு வழி

பிரஸ்ஸல்ஸில் நடக்கும் திறமூல மென்பொருள் மாநாடான ஃபாஸ்டெமில் நீங்கள் கட்டாயம் கேட்க நினைக்கும் உரைக்கு, அதற்கு முந்தைய உரை தொடங்கும்போதே அந்த அறைக்குள் போய் உட்கார்ந்துவிடுங்கள். அந்த முந்தைய தலைப்பு உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் சரி.

இங்கே நுழைவுக் கட்டணமும் இல்லை, முன்பதிவும் இல்லை. அதனால் எந்த அறைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. நடப்பதோ யூஎல்பி பல்கலைக்கழகத்தின் வகுப்பறைகளில். இருக்கைகள் நிரம்பிவிட்டால் கதவில் 'இடமில்லை' அட்டை வந்துவிடும். அப்புறம் யாராவது வெளியே வந்தால்தான் உள்ளே விடுவார்கள். கோ, ரஸ்ட் போன்ற நிரல்மொழிகளுக்கான, கூட்டம் சேரும் அறைகளில் இது சாதாரணம். உரைகளுக்கு நடுவே கிடைப்பது சில நிமிடங்கள்தான், அதற்குள் வேறு கட்டடத்திலிருந்து குளிரில் ஓடி வந்து இடம் பிடிப்பது நடக்கிற காரியமில்லை.

ஜான்சன் அரங்குக்கு இந்தப் பாடு வேண்டாம், ஆயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். பேச்சாளரிடம் கேள்வி கேட்கும் எண்ணம் இல்லையென்றாலும் தேவையில்லை. உரைகள் நேரலையில் வருகின்றன, பதிவும் பிறகு இலவசமாகவே கிடைக்கும். நானாக இருந்தால் அந்த நேரத்தில் மென்பொருள் திட்டங்கள் போட்டிருக்கும் மேசைகளைச் சுற்றி வருவேன்.