நகர விளிம்பில் வீடு கட்டுவோர் நீருக்கும் கழிவுநீருக்கும் வழி செய்துகொள்வது எப்படி?

வயல்களுக்கு நடுவே மனைகள் முளைத்துவரும் நகர விளிம்புப் பகுதிகளில் மின்கம்பமும் சாலையும் முந்திக்கொள்ள, குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் பெரும்பாலும் பல ஆண்டுகள் கழித்தே வந்து சேர்கின்றன. அதுவரை ஒவ்வொரு வீடும் தன் நிலத்தடியிலிருந்து நீரை எடுத்து, அதே நிலத்துக்குள் கழிவுநீரை விட வேண்டியிருப்பதால், அறைகளைத் திட்டமிடும் முன்பே இவ்விரண்டுக்கும் இடம் குறித்துவிட வேண்டும்.

கட்டுமானத்தைத் தொடங்கும் முன் பலத்த மழை பெய்யும் நாளில் மனையை நேரில் சென்று பாருங்கள். நீர் எந்தப் பக்கமிருந்து வந்து எங்கே வடிகிறது என்பதை அங்கு நெடுங்காலம் உழுதவர்கள் வரைபடங்களைவிடத் தெளிவாகச் சொல்வார்கள். வாய்க்காலை அடைத்து மனையை மேடாக்கினால் உங்கள் வாசல் தப்பும். ஆனால் அந்த நீர் பக்கத்து வீட்டுக்குள் புகும்.

கிணற்றுக்கும் கழிவுநீர் இறங்கும் உறிஞ்சுகுழிக்கும் இடையே குறைந்தது 30 மீட்டர் இடைவெளியும், குழியின் அடிமட்டத்துக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையே 1.5 மீட்டர் உயரமும் இருப்பது நல்லது. மணற்பாங்கான நிலத்திலும் வெடிப்புள்ள பாறையிலும் கழிவுநீர் வேகமாகப் பரவுமாதலால் அங்கு இன்னும் கூடுதல் இடைவெளி தேவைப்படும். சிறிய மனையில் இது தனியொருவரால் இயலாது. உங்கள் கிணற்றுக்கு மிக அருகில் இருப்பது மதிலுக்கு அப்பாலுள்ள அண்டைவீட்டாரின் குழியாகவும் இருக்கலாம். எனவே தெருவிலுள்ளவர்கள் ஒன்றுகூடி எல்லாக் கிணறுகளையும் குழிகளையும் ஒரே தாளில் குறித்துக்கொண்டு, முடிந்தால் மேட்டுப்பகுதியில் ஒரு பொதுக்கிணறும் தாழ்ந்த பகுதியில் கழிவுநீருக்கான ஏற்பாடும் அமையுமாறு திட்டமிடுவதே, என் கருத்தில், வீட்டுக்கு வீடு ஆழ்துளைக் கிணறு தோண்டுவதைவிட மேலானது.

கழிவுநீர்த் தொட்டி கழிவைச் சுத்திகரித்துவிடுவதாகப் பலர் நம்புகிறார்கள். உண்மையில் அதில் கசடு அடியில் தங்குகிறது, அவ்வளவுதான்; அதிலிருந்து உறிஞ்சுகுழிக்கு வெளியேறும் நீரில் கிருமிகள் இருந்துகொண்டேதான் இருக்கும். தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு கசடு சேர்ந்ததும் அதை அகற்ற வேண்டும். இதற்கு லாரியின் குழாய் எட்டும் இடத்தில் மூடி இருக்க வேண்டும். மூடியின் மேல் ஓடு பதித்துவிட்டுப் பின்னர் உடைப்பவர்கள் ஏராளம். எக்காரணம் கொண்டும் யாரையும் தொட்டிக்குள் இறக்காதீர்கள். உள்ளே தேங்கும் வாயு நொடிகளில் உயிரைப் பறிக்கும்.

கிணற்று நீரை ஆண்டுக்கு ஒரு முறை, முடிந்தால் மழைக்காலம் முடிந்த கையோடு, ஆய்வகத்தில் சோதித்துப் பாருங்கள். கழிவு கலந்திருக்கலாம் என்பதைக் காட்டும் கோலிஃபார்ம் கிருமிகளோடு நைட்ரேட்டையும் சோதிக்கச் சொல்ல வேண்டும். உரமிட்ட வயல்களும் கழிவுக்குழிகளும் அருகருகே இருப்பதால் இங்கு இரண்டுமே நீரில் கலக்கக்கூடும். நைட்ரேட்டுக்கு உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ள வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். காய்ச்சினால் கிருமிகள் அழியும், நைட்ரேட் குறையாது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும். வரம்பை மீறிய நீரைக் கைக்குழந்தைகளுக்குப் பால் கரைக்கப் பயன்படுத்தக் கூடாது.

100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் விழுகிறது. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 800 லிட்டர் மிஞ்சும். முதல் மழைநீரை வெளியேற்றிவிட்டு எஞ்சியதை வடிகட்டிச் சேமிக்கலாம்.

பொதுக் குழாயும் சாக்கடையும் வந்து சேர்ந்ததும், பழைய தொட்டியை முழுவதும் காலிசெய்து மணலால் நிரப்பி மூடிவிட வேண்டும். கிணற்றை மட்டும் கோடைக்காலத் தேவைக்காகப் பராமரித்து வரலாம்.