பவர் ஹிட்டரை எடுத்துவிட்டார்கள்: ரசிகர்கள் செய்யும் தவறுகள்

உலகத் தொடர் எனும் இறுதிப் போட்டித் தொடர் முடிந்து, ஒப்பந்தம் தீர்ந்த ஆட்டக்காரர்களை எந்த அணியும் எடுக்கலாம் என்ற ஃப்ரீ ஏஜென்ட் சந்தை திறந்ததும் அமெரிக்க பேஸ்பால் ரசிகர்கள் ஒரு செய்திக்காகக் காத்திருப்பார்கள்: ஹோம் ரன்களாக, அதாவது பந்தை வெளிச்சுவருக்கு அப்பால் அனுப்பும் அடிகளாக, அடித்துத் தள்ளும் பவர் ஹிட்டர் ஒருவர் நம் அணிக்கு வருகிறாரா? வருகிறார் என்று தெரிந்த அரை மணி நேரத்தில் இரண்டு கட்சி உருவாகிவிடும். ஒன்று வெற்றி ஊர்வலத்துக்கு நாள் குறிக்கும். இன்னொன்று அவருடைய ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட் ஆவது) கணக்கைக் காட்டி, பணத்தைத் தண்ணீரில் கொட்டிவிட்டார்கள் என்று பொருமும். பெரும்பாலும் இரண்டு கட்சியும் பார்ப்பது தவறான எண்ணை.

முதல் தவறு, கையெழுத்து ஆகும் முன்பே கொண்டாடுவது. டொரொன்டோவில் வாழும் தமிழ் ரசிகர்களுக்கு 2023 டிசம்பர் 8 மறந்திருக்காது. ஜப்பானிய நட்சத்திரம் ஷோஹெய் ஒடானி டொரொன்டோவின் ப்ளூ ஜேஸ் அணியில் சேர விமானம் ஏறிவிட்டார் என்று செய்தி பரவ, கலிஃபோர்னியாவில் கிளம்பிய ஒரு தனி விமானத்தை ஊரே வரைபடத்தில் பின்தொடர்ந்தது. விமானம் இறங்கியது, உள்ளே இருந்தவர் ஒரு தொழிலதிபர். மறுநாள் ஒடானி லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியில் சேருவதாக அறிவித்தார். பேச்சு முடிந்தாலும் மருத்துவப் பரிசோதனை என்று ஒரு படி பாக்கி இருக்கும். கார்லோஸ் கொரியா 2022 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுடன் 13 ஆண்டு, 35 கோடி டாலருக்கு ஒத்துக்கொண்டார். பழைய கால் காயத்தைப் பார்த்த அணி தயங்கியது. அடுத்து மெட்ஸ் 12 ஆண்டு, 31.5 கோடி என்றது. அங்கும் அதே கால் குறுக்கே நின்றது. கடைசியில் 2023 ஜனவரியில் மினசோட்டாவில் 6 ஆண்டு, 20 கோடிக்குக் கையெழுத்திட்டார். அணியே வாய் திறந்து அறிவிக்கும் வரை அந்தப் பெயர் போட்ட ஜெர்சியை வாங்காதீர்கள்.

போன வருட ஹோம் ரன்

எல்லாவற்றிலும் பெரிய தவறு இது. அணி வாங்கியிருப்பது போன வருடத்தை அல்ல, வரப்போகும் ஐந்து வருடங்களை. ஆனால் ரசிகர் மனதில் பதிவது கடைசியாகக் கேட்ட எண்தான்.

ஆன்டனி சான்டாண்டரை எடுத்துக்கொள்வோம். பால்டிமோர் அணியில் 2024-ல் 44 ஹோம் ரன் அடித்தார். 2025 ஜனவரியில் ப்ளூ ஜேஸ் அவரை 5 ஆண்டு, 9.25 கோடி டாலருக்கு எடுத்தது. "44 ஹோம் ரன் வருகிறது" என்பதே பேச்சாக இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளையும் பாருங்கள்: 2023-ல் 28, 2022-ல் 33. பேஸ்பால் கணக்காளர்கள் கையாளும் மிக எளிய வழி, கடைசி ஆண்டுக்கு 5 பங்கு, அதற்கு முந்தையதற்கு 4, அதற்கும் முந்தையதற்கு 3 பங்கு எடை கொடுப்பது. 44ஐ 5ஆல் பெருக்கினால் 220. 28ஐ 4ஆல் பெருக்க 112. 33ஐ 3ஆல் பெருக்க 99. கூட்டுத்தொகை 431. அதை 12ஆல் வகுத்தால் 36க்குச் சற்றுக் குறைவு. முப்பது வயதைத் தாண்டியவர் என்பதால் இன்னும் இரண்டு மூன்றைக் கழித்துவிடுங்கள். நியாயமான எதிர்பார்ப்பு 33, 34. ஒரு காகிதத்தில் இரண்டு நிமிடத்தில் முடியும் வேலை இது. ஆண்டுகளுக்கிடையே ஆட்ட எண்ணிக்கை மிகவும் மாறியிருந்தால், ஹோம் ரன்னை பிளேட் அப்பியரன்ஸால் (அடிக்க வந்த மொத்த முறைகள்) வகுத்துவிட்டு அதே எடைகளைப் போடுங்கள்.

2025-ல் அவர் ஆடியது 54 ஆட்டம், அடித்தது 6 ஹோம் ரன், பேட்டிங் சராசரி (அடிக்க வந்ததில் ஹிட் ஆன விகிதம்) .175. தோள்பட்டைக் காயம் பெரும்பாலான மாதங்களை விழுங்கிவிட்டது. இதை வைத்து "அப்போதே சொன்னேன்" என்று கிளம்புவது அடுத்த தவறு. 44 வராது என்று கணக்குச் சொன்னது. தோள் இடறும் என்று எந்தக் கணக்கும் சொல்லவில்லை. ஒப்பந்தம் சரியா என்பதை அது போடப்பட்ட நாளில் தெரிந்திருந்த விஷயங்களை வைத்துத்தான் எடை போட வேண்டும். அவர் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருந்த அதே ஆண்டில்தான் டொரொன்டோ உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை போனது.

சராசரி .197, அதனால் என்ன?

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்குச் சராசரி என்றால் தனி மரியாதை. பேஸ்பாலின் பேட்டிங் சராசரி அப்படிப்பட்ட எண் அல்ல. ஒற்றை ஹிட்டையும் ஹோம் ரன்னையும் அது ஒன்றாகவே எண்ணும். நான்கு மோசமான பந்துகளுக்குப் பிறகு அடிக்காமலே முதல் பேஸுக்குப் போகும் 'வாக்'கை அது கணக்கிலேயே எடுக்காது. கைல் ஷ்வார்பரை ஃபில்லீஸ் 2022 மார்ச்சில் 4 ஆண்டு, 7.9 கோடி டாலருக்கு எடுத்தது. 2023-ல் அவருடைய சராசரி .197, ஸ்ட்ரைக் அவுட் 215. இவ்வளவுதான் பார்த்தால் அவரை பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்வோம். அதே ஆண்டில் 115 ஹிட்டில் 47 ஹோம் ரன். கூடவே 126 வாக். அதனால் அவர் பேஸை அடைந்த விகிதம் .343, அந்த ஆண்டு மொத்த லீகின் சராசரியே .320தான்.

ரன் கணக்கில் ஒரு ஹோம் ரன் சராசரியாக 1.4 ரன் மதிப்பு. ஒரு வாக் 0.3 ரன். ஒரு அவுட் கால் ரன்னுக்குச் சற்று அதிகமாக இழப்பு. அது ஸ்ட்ரைக் அவுட்டா, எளிய கேட்ச்சா என்பதில் பெரிய வித்தியாசம் கிடையாது. போல்ட் ஆனாலும் கேட்ச் ஆனாலும் விக்கெட் ஒன்றுதான் என்பது போல. ஸ்ட்ரைக் அவுட்டில் ரன்னர் நகர மாட்டார் என்பது உண்மை. தரையில் உருளும் பந்து ஒரே அடியில் இரண்டு அவுட்டாக முடியும் அபாயம் அதில் இல்லை என்பதும் உண்மை.

ஷ்வார்பரின் 2023-ல் உண்மையான குறை வேறு இடத்தில் இருந்தது. முழங்கை அறுவைசிகிச்சைக்குப் பிறகு திரும்பிய பிரைஸ் ஹார்ப்பர் எறிய முடியாததால், களத்தில் நிற்காமல் அடிக்க மட்டும் வரும் டெசிக்னேட்டட் ஹிட்டர் இடத்தைப் பிடித்துக்கொண்டார். ஷ்வார்பர் லெஃப்ட் ஃபீல்டில் நிற்க வேண்டியதாயிற்று. பேட்டால் சேர்த்ததில் கணிசமான பங்கை அவர் களத்தில் இழந்தார். ஆகவே "எத்தனை அடிப்பார்?" என்பதோடு "எங்கே நிற்பார்?" என்றும் கேட்க வேண்டும். அணியில் ஏற்கெனவே ஒரு டெசிக்னேட்டட் ஹிட்டர் இருந்தால் யாரோ ஒருவர் பழக்கமில்லாத இடத்தில் நிற்கப்போகிறார்.

இதோடு ஒட்டிய ஒரு கூட்டல் பிழையும் உண்டு. 40 ஹோம் ரன் அடிப்பவர் வந்தால் அணிக்கு 40 கூடாது. அவர் இடத்தில் இருந்தவர் 18 அடித்திருந்தால் கூடுவது 22. அவுட்டுக்குப் பதில் ஹோம் ரன் என்றால் வித்தியாசம் சுமார் 1.65 ரன், 22க்கு 36 ரன். பத்து ரன்னுக்கு ஒரு வெற்றி என்பது நெடுநாள் வழக்கம், ஆக மூன்றரை வெற்றி. களத்தில் 10 ரன் விட்டுக்கொடுத்தால் அதில் ஒன்று போய்விடும்.

மைதானத்தை மறப்பது இன்னொன்று. யாங்கீ ஸ்டேடியத்தில் வலது மூலைச் சுவர் 314 அடி தூரத்தில்தான். பந்தை வலப்பக்கம் இழுத்து அடிக்கும் இடக்கை ஆட்டக்காரருக்கு அது வரம். சான் ஃபிரான்சிஸ்கோவில் வலது மூலை 309 அடி என்று பார்த்து ஏமாறக் கூடாது. அங்கே சுவர் உயரமானது; மூலையிலிருந்து நடுக்களம் நோக்கிப் போகப் போக தூரம் விரிந்துகொண்டே போகும். பால்டிமோர் 2022-ல் இடப்பக்கச் சுவரைப் பின்னுக்குத் தள்ளி உயர்த்தியது. 2025க்கு முன் ஓரளவு திரும்ப உள்ளே கொண்டுவந்தது. ஒரே மைதானத்தில் அடித்த எண்ணிக்கைகூட ஆண்டுக்கு ஆண்டு ஒன்றல்ல. பேஸ்பால் சவான்ட் தளத்தில் ஒருவர் அடித்த பந்துகள் 30 மைதானங்களில் ஒவ்வொன்றிலும் எத்தனை ஹோம் ரன் ஆகியிருக்கும் என்ற பட்டியல் இருக்கிறது. உங்கள் மைதானத்தின் வரிசையைத் தேடிப் பாருங்கள்.

பணமும் வயதும்

தலைப்பில் வரும் தொகையை ஆண்டுகளால் வகுத்துவிட்டு நிறுத்திவிடுகிறோம். ஒடானியின் ஒப்பந்தம் 10 ஆண்டு, 70 கோடி டாலர். ஆனால் விளையாடும் காலத்தில் அவர் வாங்குவது ஆண்டுக்கு 20 லட்சம். மீதி 68 கோடி 2034 முதல் 2043 வரை வட்டியில்லாமல் தரப்படும். அதனால், மொத்தச் சம்பளம் வரம்பைத் தாண்டும் அணி கட்டும் லக்ஷரி டாக்ஸ் கணக்கில் அது ஆண்டுக்குச் சுமார் 4.6 கோடியாகத்தான் ஏறும். எதிர்த்திசையிலும் ஏமாறலாம். தொடர்ந்து மூன்றாம் ஆண்டாக வரம்பைத் தாண்டி, மேல்தட்டில் இருக்கும் அணிக்கு வரி விகிதம் 110 சதவீதம். அங்கே 2 கோடி டாலர் ஆட்டக்காரர் ஒருவருக்கு ஆகும் செலவு 4.2 கோடி. பழைய அணி நிர்ணயத் தொகைக்கு ஓராண்டு நீட்டிக்கக் கேட்கும் குவாலிஃபையிங் ஆஃபரை மறுத்துவிட்டு வந்தவர் என்றால், வரி கட்டிய அணி, புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் தன் இரண்டாவது, ஐந்தாவது உயர்ந்த தேர்வுகளையும் வெளிநாட்டு இளைஞர்களுக்கான தொகையில் 10 லட்சம் டாலரையும் இழக்கும். விலையில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வயதைப் பொறுத்தவரை பயம் நியாயமானது. ஆல்பர்ட் பூஹோல்ஸ் செயின்ட் லூயிஸில் 11 ஆண்டுகளில் 445 ஹோம் ரன் அடித்துவிட்டு, 32ஆவது வயதை நெருங்கும்போது ஏஞ்சல்ஸுடன் 10 ஆண்டு, 24 கோடிக்குப் போனார்; அங்கே அடித்தது 222. கிறிஸ் டேவிஸ் 2015-ல் 47 அடித்தார். பால்டிமோர் 7 ஆண்டு, 16.1 கோடி கொடுத்தது. 2018-ல் அவருடைய சராசரி .168. அந்த செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஏப்ரல் வரை தொடர்ந்து 54 முறை ஹிட் இல்லாமல் திரும்பினார்.

ஆனால் வயதை மட்டும் பார்த்து முடிவு கட்டுவதும் தவறு. 34 வயது நெல்சன் க்ரூஸை சியாட்டில் 4 ஆண்டு, 5.7 கோடிக்கு எடுத்தபோது பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவர் அடித்தது 44, 43, 39, 37. அதுவும் பேட்ஸ்மேன்களுக்குக் கஷ்டமான மைதானத்தில். க்ரூஸுக்குக் கிடைத்தது நான்கு ஆண்டு, பூஹோல்ஸுக்குப் பத்து. பவர் ஹிட்டர் ஒப்பந்தத்தில் நான் முதலில் பார்ப்பது ஆண்டு எண்ணிக்கையை. தொகை அதற்குப் பிறகுதான்.

ஏப்ரல் தீர்ப்பு

40 ஹோம் ரன்னை 600 பிளேட் அப்பியரன்ஸில் அடிப்பவர் 15க்கு ஒன்று அடிக்கிறார். வாரத்துக்கு 23 வாய்ப்பு என்று வைத்தால், ஒரு வாரம் முழுக்க ஒன்றுகூட அடிக்காமல் போகும் வாய்ப்பு 20 சதவீதம். 26 வாரத்தில் ஐந்து வாரம் அப்படித்தான் இருக்கும். அந்த வாரங்களில் இரண்டு அடுத்தடுத்து ஏப்ரலில் விழுந்தால் சொந்த மைதானத்திலேயே கூச்சல் கிளம்பிவிடுகிறது.

எதை எப்போது பார்ப்பது? ஸ்ட்ரைக் அவுட் விகிதம் 60 பிளேட் அப்பியரன்ஸிலேயே ஓரளவு பேசத் தொடங்கும். ஹோம் ரன் விகிதத்துக்குச் சுமார் 170 வேண்டும். காலண்டரில் அது மே மாத நடு. பேட்டிங் சராசரிக்கு ஒரு முழு சீசன்கூடப் போதாது. அதற்கு முன்பே அவசரமாகத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் பந்து பேட்டை விட்டுக் கிளம்பும் வேகத்தைப் பாருங்கள்: மணிக்கு 98 மைலுக்குக் குறையாமல், 26 முதல் 30 டிகிரி ஏற்றத்தில் போகும் பந்துகளை 'பேரல்' என்கிறார்கள் (வேகம் கூடக் கூட இந்த ஏற்ற வரம்பும் விரியும்). அவை வழக்கம்போல் வந்துகொண்டிருந்தால் காத்திருங்கள். பேட் சுழலும் வேகமும் 2024 முதல் பொதுவில் கிடைக்கிறது. லீக் சராசரி 72 மைலை ஒட்டி, 75க்கு மேல் வேகமான சுழற்சி. போன ஆண்டை விட அது இரண்டு மைல் இறங்கியிருந்தால் அப்போது கவலைப்படலாம். காயத்தை மறைத்து ஆடுகிறாரா என்றும் கேட்கலாம்.

ஹுவான் சோட்டோ 15 ஆண்டு, 76.5 கோடி டாலருக்கு மெட்ஸுக்கு வந்து 2025 ஏப்ரல், மே மாதங்களில் தடுமாறினார். ஜூனில் மட்டும் 11 ஹோம் ரன் அடித்து நேஷனல் லீகின் அந்த மாத வீரர் ஆனார். செப்டம்பரில் முடித்தபோது 43, அதுவரை அவர் அடித்ததில் அதிகம். அந்த ஆண்டு மெட்ஸ் பிளேஆஃப்புக்குப் போகவில்லை.